வீட்டுப் பட்டறைக்கு மிக் வெல்டிங் மெஷின் வாங்கும்முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் மிக் மெஷின் வாங்கக் கிளம்பும்போதெல்லாம் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதிப் பதிலையும் சேர்த்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் ஆம்பியரைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள். கம்பியைத் தள்ளும் பகுதியைப் பார்த்து வாங்குங்கள். காரணம் 8-ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. மிக் வெல்டிங்னா என்ன? சிஓடூ வெல்டிங்னு சொல்றாங்களே, அது வேறயா?

ராடு வெல்டிங்கில் கையில் பிடித்திருக்கும் ராடே உருகிக் குறைந்துகொண்டு வரும். தீர்ந்ததும் நிறுத்தி, அடுத்ததை மாட்ட வேண்டும். மிக்கில் ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி. மெஷினுக்குள் ஸ்பூலில் சுற்றியிருக்கும். டார்ச்சின் சுவிட்சை அழுத்தினால் உள்ளே இருக்கும் மோட்டார் கம்பியை டார்ச் வழியாகத் தள்ளும். கூடவே கரன்ட்டும் கேஸும் வரும். கம்பி இரும்பைத் தொட்டு உருகி இணைப்பை நிரப்பும். உருகிய இரும்பைக் காற்று அண்டாமல் கேஸ் காக்கும்.

ஆர்கான் போன்ற, எதோடும் வினைபுரியாத கேஸ் போட்டால்தான் கணக்குப்படி அது மிக். கார்பன் டை ஆக்சைடோ அது கலந்த கேஸோ போட்டால் அதன் பெயர் மேக். பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்பது இதைத்தான். மூன்றுக்கும் மெஷின் ஒன்றுதான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

2. என்கிட்ட ராடு மெஷின் ஏற்கெனவே இருக்கு. மிக் வேற வாங்கணுமா?

நீங்கள் பற்றவைப்பது எது என்பதைப் பொறுத்தது. 1.2 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப், தகடு, வண்டி பாடி வேலை என்றால் வாங்குங்கள். மெல்லிய பைப்பில் ராடு வைத்துப் பொத்தல் விழாமல் முடிப்பதற்குக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். மிக்கில் கரன்ட்டை நன்கு குறைத்து, விட்டு விட்டு டேக் (சின்னப் புள்ளி வெல்டு) போட்டே முடித்துவிடலாம். ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கசடு) தட்டும் வேலையும் இல்லை. ஒரு கையில் டார்ச், மறு கையில் துண்டைப் பிடித்துக்கொள்ளலாம். தனியாக வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி.

துருப்பிடித்த பழைய ஆங்கிள், திறந்தவெளி வேலை, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் என்றால் ராடு மெஷினே நல்லது. ராடு மெஷினை விற்றுவிட்டு மிக் வாங்காதீர்கள். இரண்டும் இருக்கட்டும்.

3. கேஸே இல்லாம ஓடும்னு ஒரு மெஷின் இருக்கே, அதை வாங்கினா சிலிண்டர் செலவு மிச்சம்தானே?

அதில் போடுவது ஃபிளக்ஸ் கோர் கம்பி. கம்பியின் நடுவில் மாவு போன்ற ஃபிளக்ஸ் இருக்கும். அது எரிந்து தானே கேஸை உண்டாக்கும், மேலே ஸ்லாக்கும் படியும். காற்றடிக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு மிகவும் பயன்படும். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம்.

ஆனால் புகை அதிகம், ஸ்பாட்டர் (தெறித்து ஒட்டும் இரும்புத் துளி) அதிகம், ஸ்லாக் தட்ட வேண்டும். ஒரு கிலோ கம்பியின் விலையும் சாதாரணக் கம்பியை விடக் கூடுதல். மாதத்துக்கு இரண்டு நாள் வேலை செய்பவருக்குச் சிலிண்டர் மிச்சம். அடிக்கடி செய்பவருக்கு அந்த மிச்சம் கம்பி விலையிலும் கிரைண்டர் வீலிலும் கரைந்துவிடும். கேஸ் மாட்டவே வழியில்லாத மெஷினை மட்டும் வாங்காதீர்கள். இரண்டுக்கும் வசதி உள்ளதை வாங்கி, சிலிண்டரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

4. எத்தனை ஆம்பியர் மெஷின் எடுக்கறது?

சாதாரண இரும்புக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டருக்கு 80, 3 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் தடிமன் என்றால் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மூன்று பாஸ் (வெல்டு வரி) ஓட்டலாம். ஒரே பாஸில் முடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை.

வீட்டுப் பட்டறையில் வருகிற வேலையில் பெரும்பகுதி 3 மில்லிமீட்டருக்குள்தான். அதனால் நிஜமான 160 முதல் 200 ஆம்பியர் போதும். மேல் அளவைப் போலவே கீழ் அளவையும் கேளுங்கள். 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 40 ஆம்பியரில் நிலையாக நிற்க வேண்டும். 50-க்குக் கீழே வந்தாலே திக்கித் திணறும் மெஷின்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் இது எங்கும் வராது.

5. அதென்ன "நிஜமான" 200? பெட்டியில 250னு போட்டிருக்கே?

பெட்டியை விடுங்கள். மெஷினின் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் படியுங்கள். அதில் ஆம்பியரும் வோல்ட்டும் ஜோடியாக இருக்கும். மிக்குக்கு ஒரு கணக்கு உண்டு: ஆம்பியரை 0.05 ஆல் பெருக்கி 14 கூட்டினால் வருவது அந்த ஆம்பியருக்குரிய வோல்ட். 200 ஆம்பியருக்கு 24 வோல்ட், 160-க்கு 22 வோல்ட். பெட்டியில் 250 என்றிருந்து பிளேட்டில் 160 ஆம்பியர், 22 வோல்ட் என்றிருந்தால், அது 160 ஆம்பியர் மெஷின். பிளேட்டே ஒட்டாத மெஷின் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அதே பிளேட்டில் டியூட்டி சைக்கிள் சதவீதத்தில் இருக்கும். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து பற்றவைக்கலாம் என்பது அது. 200 ஆம்பியர், 20 சதவீதம் என்றால் 2 நிமிடம் வேலை, 8 நிமிடம் ஓய்வு. கரன்ட்டைக் குறைத்தால் நேரம் நன்றாகக் கூடும்: அதே மெஷின் 115 ஆம்பியரில் ஏறத்தாழ 60 சதவீதமும், 90 ஆம்பியரில் நிறுத்தாமலும் ஓட வேண்டும். வீட்டு வேலையில் ஒரு டேக், ஒரு அளவு, மறுபடி ஒரு டேக் என்றுதான் போகும், 20 சதவீதமே பலருக்குப் போதும். ஆனால் அந்த அளவு எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று பாருங்கள். 40 டிகிரியில் எடுத்த 20 சதவீதமும் 20 டிகிரியில் எடுத்த 20 சதவீதமும் ஒன்றல்ல. தகரக் கூரையின் கீழ் வெயில் நேரத்தில் வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

6. வீட்டு 16 ஆம்பியர் பிளக்குல ஓடுமா? 200 ஆம்பியர் இழுத்தா வீடே எரிஞ்சிடாதா?

அந்த 200 டார்ச் பக்கம் வருகிற கரன்ட். அங்கே வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். சுவர் பக்கம் வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு. 230 வோல்ட் இணைப்பில் சாதாரண இன்வர்ட்டர் மிக் (கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எலெக்ட்ரானிக்ஸில் ஓடும் வகை) 100 ஆம்பியர் தரும்போது சுவரிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 200-ஐத் தொட்டால் 35 ஆம்பியர் பக்கம் போகும்; பிளக் தாங்காது, பிரேக்கர் விழும். விழாவிட்டால் அது இன்னும் மோசம், சுவருக்குள் ஒயர் சுடுகிறது என்று அர்த்தம்.

ரேட்டிங் பிளேட்டில் இதற்கும் விடை உண்டு. ஐ1மேக்ஸ் என்பது உச்சத்தில் சுவரிலிருந்து இழுக்கும் கரன்ட். ஐ1எஃப் (I1eff) என்பது ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட கரன்ட். உங்கள் ஒயரும் பிளக்கும் குறைந்தபட்சம் இதையாவது தாங்க வேண்டும். இரண்டையும் எழுதிக்கொண்டுபோய் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தனி பிரேக்கர், தனி ஒயர், சரியான எர்த் மூன்றையும் மெஷின் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இதற்கு ஆகும் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

7. பிளக் தூரமா இருக்கு, எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாமா? ஜெனரேட்டர்ல?

எக்ஸ்டென்ஷன் போடலாம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் குறையக்கூடாது. 20 மீட்டர் நீளத்தில் 20 ஆம்பியர் ஓடினால் அதில் 6 வோல்ட் போல இழப்பாகும், சமாளிக்கலாம். டேபிள் ஃபேனுக்கு வாங்கிய 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே இடத்தில் 14 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ஒயரும் சுடும். ரீலில் சுற்றியபடியே வைத்து ஓட்டாதீர்கள். முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றில் சூடு தங்கி இன்சுலேஷன் உருகும்.

ஜெனரேட்டர் என்றால் 100 ஆம்பியர் வேலைக்கு 5 கேவிஏ, முழு 200-க்கு 10 கேவிஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் ஏவிஆர் உள்ளதாக இருக்கட்டும்.

8. ரெண்டு மெஷின் பார்த்தேன், ரெண்டும் 200 ஆம்பியர். ஒண்ணு மட்டும் ஏன் இவ்ளோ விலை? பேருக்குத்தானே?

பக்கவாட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். கம்பியைத் தள்ளும் மோட்டாரும் ரோலரும் அங்கேதான் இருக்கும். விலை குறைந்ததில் பெரும்பாலும் அந்த அமைப்பு பிளாஸ்டிக்கில் இருக்கும். ரோலரை அழுத்தும் கையை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆடும். நல்லதில் அது வார்ப்பு அலுமினியத்தில் இருக்கும், அசையாது. ரோலரிலிருந்து டார்ச் வாய்க்குக் கம்பி போகும் இடைவெளியையும் கவனியுங்கள். அங்கே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெற்றிடம் இருந்தால், டார்ச் நுனியில் இருக்கும் டிப்பில் கம்பி சிக்கியவுடன் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்க, அந்த வெற்றிடத்தில் கம்பி குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொள்ளும். வெட்டியெடுத்து மறுபடி கோர்த்து வருவதற்குள் வேலை ஆறிப்போகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் மெஷினை ஆம்பியரைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆர்க் (கம்பி நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறி) நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று கம்பி ஒரு நொடி தயங்கும், டிப்பில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த நொடி டார்ச்சையே பின்னால் தள்ளும். கையில்தான் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் பழைய தகட்டில் பழகினேன். பிறகு ஒரு நண்பரின் மெஷினைக் கடன் வாங்கினேன். அது 160 ஆம்பியர்தான், ஆனால் ஃபீடர், அதாவது கம்பியைத் தள்ளும் அமைப்பு, உலோகம். அன்று சாயங்காலமே என் கை சரியாகிவிட்டது. மிக்கில் கரன்ட்டைத் தீர்மானிப்பதே கம்பி வரும் வேகம். அது ஒரே சீராக வராவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல எலெக்ட்ரானிக்ஸ் இருந்தும் பயனில்லை. காசு கூட்ட முடியுமானால் இந்த இடத்தில் கூட்டுங்கள்.

நான்கு ரோலர் வேண்டுமா என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். 3 மீட்டர் டார்ச்சில் இரும்புக் கம்பிக்கு நல்ல இரண்டு ரோலர் போதும்.

9. டார்ச் மெஷினோடயே ஃபிக்ஸ் ஆகி வருது. பரவாயில்லையா?

வேண்டாம். யூரோ கனெக்டர் உள்ளதை எடுங்கள். டார்ச்சுக்குத் தேய்மானம் அதிகம்: கம்பி ஓடும் உள்குழாயான லைனரில் அழுக்கு சேரும், கேபிள் மடியும், சுவிட்ச் போகும். யூரோ கனெக்டர் என்றால் கழற்றிவிட்டு வேறு டார்ச் மாட்டிக்கொள்ளலாம், மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. எம்பி15 வகை டார்ச் வீட்டு வேலைக்குச் சரியான அளவு. அதன் டிப், நாசில், டிஃப்யூசர் எல்லாம் பரவலாகக் கிடைக்கும். மெஷின் வாங்கும்போதே அந்த மாடலுக்கு உரிய டிப் பத்து கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத மாடலை வாங்கி என்ன செய்வது?

10. இன்வர்ட்டர் சீக்கிரம் போயிடும், பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்தான் உழைக்கும்னு சொல்றாங்களே?

அதில் உண்மை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு, எளிதாகச் சரிசெய்யலாம். ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், மின்சாரம் அதிகம் இழுக்கும், வோல்ட்டைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். மெல்லிய தகட்டில் இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவிப்போம். வீட்டு இணைப்புக்கு இன்வர்ட்டர்தான் பொருந்தும்.

இன்வர்ட்டரைக் கொல்வது பெரும்பாலும் கிரைண்டர் தூசி. ஃபேன் உள்ளே இழுக்கும் அந்தக் கருப்புத் தூசி இரும்பு. அது மின்சாரத்தைக் கடத்தும். சர்க்யூட் போர்டில் படிந்து, ஈரமும் சேர்ந்தால் ஷார்ட் ஆகும். கிரைண்டர் பொறி மெஷின் பக்கம் பறக்காதபடி தள்ளி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த காற்றை மெதுவாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

11. கம்பி எந்த சைஸ்? ஒரு கிலோ ஸ்பூலா, அஞ்சு கிலோவா?

ஒரே அளவு வைத்துக்கொள்வதென்றால் 0.8 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் தகட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை அதிலேயே முடிக்கலாம். வண்டி பாடி மட்டும்தான் வேலை என்றால் 0.6. வீட்டுப் பிளக்கில் 1.0 கம்பியை உருக்கத் தேவையான கரன்ட் கிடைப்பது கஷ்டம். ரகம் ஈஆர்70எஸ்-6, கடைசியில் வரும் 6 முக்கியம். அதில் சிலிக்கானும் மாங்கனீசும் கூடுதல், லேசான துருவும் அழுக்கும் இருந்தாலும் சமாளிக்கும்.

5 கிலோ ஸ்பூல் மாட்ட இடமுள்ள மெஷினை எடுங்கள். சின்ன ஸ்பூலில் கிலோவுக்கு விலை கூடுதல், கம்பியின் வளைவும் அதிகம். ஒரு கணக்கு: 0.8 கம்பி ஒரு கிலோ என்பது சுமார் 250 மீட்டர். 90, 100 ஆம்பியரில் நிமிடத்துக்கு 5 மீட்டர் போகும் என்று வைத்தால் 50 நிமிட ஆர்க். தினமும் வேலை இல்லாவிட்டால் ஸ்பூலைக் கழற்றிப் பையில் கட்டி வையுங்கள். துருப்பிடித்த கம்பி லைனரையும் சேர்த்துக் கெடுக்கும்.

12. கேஸ் எது? சிஓடூ மட்டும் போதுமா, மிக்ஸ்தான் வேணுமா?

சிஓடூ மட்டும் போட்டாலும் நல்ல பலமான வெல்டு வரும். ஆழமாக ஊடுருவும், விலை குறைவு. ஸ்பாட்டர் கூடுதல், ஆர்க் கொஞ்சம் முரட்டுத்தனம், வோல்ட்டும் ஒன்றிரண்டு கூட வைக்க வேண்டும். ஆர்கான் 80, சிஓடூ 20 கலந்த மிக்ஸ் போட்டால் ஆர்க் மென்மையாகும், மெல்லிய தகட்டில் கட்டுப்பாடு நன்றாகக் கிடைக்கும், சுத்தம் செய்யும் வேலை பாதியாகும். 2 மில்லிமீட்டருக்குக் கீழ் அதிகம் வேலை செய்பவருக்கு மிக்ஸ், மற்றவருக்கு சிஓடூ என்பது என் அபிப்பிராயம்.

எவ்வளவு நாள் வரும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிஓடூ சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும், ஒரு கிலோ ஏறத்தாழ 540 லிட்டர் கேஸாக விரியும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டினால் 54 நிமிடம். மேலே சொன்ன கம்பிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்: ஒரு கிலோ கம்பிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சிஓடூ. மிக்ஸ் சிலிண்டர் திரவமல்ல, அழுத்தப்பட்ட கேஸ். 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரை 150 பாருக்கு நிரப்பினால் 1500 லிட்டர், அதாவது இரண்டரை மணி நேரம். எந்தச் சிலிண்டரானாலும் நிமிர்த்தி, சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். சிஓடூவைப் படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும்.

13. ஆர்கான் சிலிண்டர் ஒண்ணு கைவசம் இருக்கு. இரும்புக்கும் அதையே போட்டா என்ன?

பற்றும், ஆனால் நன்றாகப் பிடிக்காது. வெறும் ஆர்கானில் இரும்பின் மேல் ஆர்க் நிலைகொள்ளாமல் அலையும். வெல்டு உயர்ந்து கயிறு போல மேலே உட்காரும், இரண்டு ஓரங்களிலும் பள்ளம் விழும். அந்த 20 சதவீத சிஓடூ விலை குறைக்கப் போட்ட கலப்படம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஊடுருவலையும், உருகிய இரும்பு ஓரங்களில் படர்ந்து பிடிப்பதையும் தருவது அதுதான். வெறும் ஆர்கானை அலுமினியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

14. இதே மெஷின்ல அலுமினியமும் ஒட்டலாம்னு கடைக்காரர் சொன்னார்...

சில பாகங்களை மாற்றினால் முடியும். அலுமினியக் கம்பி மெத்தென்று இருக்கும். ரோலர் அழுத்தினால் நசுங்கும், லைனரில் உரசினால் மடங்கும். யூ வடிவப் பள்ளமுள்ள ரோலர், டெஃப்லான் லைனர், கொஞ்சம் பெரிய துளையுள்ள டிப், வெறும் ஆர்கான் எல்லாம் வேண்டும். ஸ்பூலையே டார்ச்சில் வைத்திருக்கும் ஸ்பூல் கன் இருந்தால் தொல்லை குறையும். 5356 ரகக் கம்பி 4043-ஐ விட விறைப்பானது, தள்ளுவதற்கு எளிது. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த அலுமினியத்தை வீட்டு மிக்கில் முயற்சி செய்ய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வேலைக்காக இத்தனையும் வாங்குவதை விட அந்தத் துண்டை வெளியே கொடுத்துப் பற்றவைப்பது லாபம்.

15. மிக், ராடு, டிக் மூணும் ஒண்ணாவே வருதே, அது நல்லதா?

ராடு வசதி உண்மையிலேயே பயன்படும், 2-ஆம் கேள்வியில் சொன்ன வேலைகளுக்கு. டிக் (உருகாத டங்ஸ்டன் ஊசியில் ஆர்க் எழுப்பிப் பற்றவைக்கும் முறை) என்று போட்டிருப்பது பெரும்பாலும் தொட்டுத் தூக்கும் லிஃப்ட் டிக், அதுவும் டிசி மட்டும். இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆகும், அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். டார்ச்சும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். "மூன்று வேலை" என்ற வார்த்தைக்காக ஃபீடர் மட்டமான மெஷினை எடுத்துவிடாதீர்கள்.

16. சினர்ஜிக்னா என்ன? புதுசா கத்துக்கறவனுக்கு அது வேணுமா?

மிக்கில் இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்: வோல்ட், கம்பி வேகம். சினர்ஜிக் மெஷினில் கம்பி அளவையும் கேஸையும் சொல்லிவிட்டு ஒரு திருகை மட்டும் திருப்பினால் மற்றதை அது பொருத்திக்கொள்ளும். முதல் நாளிலேயே ஓரளவு நல்ல ஆர்க் வரும், ஆகவே நல்லதுதான். ஆனால் வோல்ட்டைக் கையால் கூட்டிக் குறைக்கவும் வசதி இருக்க வேண்டும். மெஷின் தரும் அளவு சில இடத்தில் பொருந்தாது.

காதை வைத்துப் பழகுங்கள். அளவுகள் பொருந்தினால் நிறுத்தாமல் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். டப் டப்பென்று வெடித்து, கம்பி கையைத் தள்ளினால் வேகம் அதிகம் அல்லது வோல்ட் குறைவு. கம்பி நுனியில் பெரிய உருண்டை திரண்டு சொட்டினால் வோல்ட் அதிகம்.

17. கேஸ்லெஸ் கம்பி போட்டேன், ஒரே ஸ்பாட்டர், மேலேயே உருண்டு நிக்குது. கம்பி மட்டமா?

துருவ மாற்றம் செய்தீர்களா? சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ், வேலைத் துண்டில் மாட்டும் எர்த் கிளாம்ப் நெகட்டிவ். கேஸ் இல்லாமல் ஓட்டும் ஃபிளக்ஸ் கோர் கம்பிக்கு இது தலைகீழ்: டார்ச் நெகட்டிவ். மாற்றாவிட்டால் நீங்கள் சொன்னது போலத்தான் வரும். ரோலரும் பல் வெட்டிய வகையாக இருக்க வேண்டும், சாதாரண வி பள்ளத்தில் அழுத்தினால் உள்ளே மாவு மட்டுமே இருக்கும் கம்பி நசுங்கும். வாங்கும்போது இரண்டு கேபிளையும் மாற்றி மாட்ட முடிகிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

18. ஜிஐ பைப் ஒட்டலாமா? புகைக்குப் பால் குடிச்சா சரியாயிடும்னு சொல்றாங்க.

ஜிஐ மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும். பால் இதைத் தடுக்காது. போவது நுரையீரலுக்கு, வயிற்றுக்கு அல்ல. இணைப்பைச் சுற்றி உள்ளும் புறமும் பூச்சைத் தேய்த்து எடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வெல்டிங் புகைக்கான மாஸ்க் போடுங்கள். பூச்சை எடுக்காவிட்டால் வெல்டிலும் ஊசித் துளை விழும்.

இன்னொன்று இதை விட ஆபத்தானது. எண்ணெய் போக்கும் ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்ந்தவை உண்டு. அது ஈரமாக இருக்கும்போது ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும், கொஞ்சமே உயிருக்கு ஆபத்து. டப்பாவில் குளோரின் பெயர் இருந்தால் வெல்டிங் வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

19. வெல்டு பார்க்க அவ்ளோ அழகா இருந்தது, ஆனா ஒரே தட்டுல கழண்டு வந்துடுச்சு. மெஷின் பவர் பத்தலையா?

மிக் வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ராடில் சூடு பற்றாவிட்டால் ராடு ஒட்டிக்கொள்ளும், உடனே தெரியும். மிக்கில் சூடு பற்றாவிட்டாலும் கம்பி வந்துகொண்டே இருக்கும், வரிவரியாக அழகாக உட்காரும், ஆனால் கீழே இருக்கும் இரும்பு உருகியிருக்காது. மேலே ஒட்டவைத்தது போல நிற்கும்.

வாரம் ஒரு தடவையாவது சோதித்துப் பாருங்கள். உங்கள் வேலையின் தடிமனிலேயே இரண்டு துண்டு எடுத்து டி போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு போடுங்கள். ஆறியதும் வைஸில் மாட்டி, வெல்டு இருக்கும் பக்கமே துண்டு சாய்கிற மாதிரி சுத்தியால் அடியுங்கள். அப்போதுதான் வெல்டின் வேர், அதாவது அடிப்பகுதி, திறக்கும். நன்றாக உருகிப் பிடித்திருந்தால் தகடு வளையும், கிழிந்தாலும் சொரசொரப்பாகக் கிழியும். பிடிக்கவில்லை என்றால் வெல்டு முழு நீளத்துக்குத் தோல் உரிவது போல எழும்பி வரும். கீழே தகட்டின் பழைய மேல்தோல் கிரைண்டர் கோடுகளோடு அப்படியே இருக்கும். அந்தக் கோடுகளைக் கண்ணால் பார்த்தவர் பிறகு அழகை நம்பமாட்டார்.

காரணம் எப்போதும் மெஷின் பவர் அல்ல. கருப்பு மேல்தோலைத் தேய்க்காமல் விட்டது, கம்பி நுனியை டிப்பிலிருந்து 10 மில்லிமீட்டருக்குப் பதில் 20, 25 நீட்டி ஓட்டியது, தடித்த தகட்டில் மேலிருந்து கீழாக வேகமாக இறக்கியது, எர்த் கிளாம்பைப் பெயின்ட் மேல் கடிக்கவிட்டது என்று பல உண்டு. இவையெல்லாம் சரியாக இருந்தும் உரிந்து வந்தால் 4-ஆம் கேள்வியின் கணக்குக்குப் போங்கள். மனிதர் ஏறும் ஏணி, வண்டியின் இழுவைக் கொக்கி, ஜாக், காற்று டேங்க் இவற்றை இந்தச் சோதனையில் தேறியவர்கூட வீட்டு மெஷினில் தொட வேண்டாம்.

20. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். கம்பியை மட்டும் தள்ளவிட்டு, நுனி மரக்கட்டையில் முட்டி வளைகிறதா பாருங்கள், அங்கங்கே நிற்கக்கூடாது. 100 ஆம்பியரில் இரண்டு நிமிடம் தொடர்ந்து பற்றவையுங்கள். ஃபேன் சத்தம், கருகிய வாசனை, கேபிள் கனெக்டர் சூடு மூன்றையும் கவனியுங்கள். டார்ச் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், யூரோ கனெக்டராக இருக்கும் பட்சத்தில். ஃபீடர் பாகமே கிடைக்காத பழைய மாடல் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

21. மெஷின் தவிர வேற என்னென்ன வாங்கணும்?

முதலில் ஹெல்மெட். தானே இருளும் வகை, 9 முதல் 13 வரை ஷேடு (கண்ணாடியின் இருள் அளவு) மாற்றக்கூடியது. 100 ஆம்பியர் சுற்றில் 10 அல்லது 11 சரியாக இருக்கும். பிறகு தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ. நைலான் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டும். அருகில் நிற்கும் குழந்தைகளுக்கும் வெளிச்சம் படும் என்பதை மறக்காதீர்கள். கண் எரிச்சல் உடனே தெரியாது, ராத்திரியில் மணல் போட்ட மாதிரி உறுத்தும். கனத்த எர்த் கிளாம்ப், ஃபிளோ மீட்டர் உள்ள ரெகுலேட்டர், டிப் ஒரு பத்து, தீயணைக்கும் கருவி, இவையும் உடனே வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மெஷினை ஓட்ட வேண்டாம்.

22. மெஷின் வந்தாச்சு. திருப்பிக் கொடுக்க ஏழு நாள்தான் இருக்கு, என்ன பார்க்கணும்?

முதலில் ரேட்டிங் பிளேட்டை 5-ஆம் கேள்விப்படி படியுங்கள். அடுத்து டார்ச்சை நேராக நீட்டிக் கம்பியை முழுவதும் ஓட்டுங்கள், பிறகு கேபிளை ஒரு வட்டமாகச் சுற்றி வைத்து மறுபடி ஓட்டுங்கள். வேகம் மாறினால் லைனரோ ரோலரோ சரியில்லை. 1 மில்லிமீட்டர் தகட்டில் குறைந்த கரன்ட்டில் ஒரு வரி, 3 மில்லிமீட்டரில் 120-இல் ஒரு வரி போடுங்கள். தொடர்ந்து ஓட்டி, சூடேறி மெஷின் தானே நின்றதைக் காட்டும் விளக்கு எத்தனை நிமிடத்தில் எரிகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். பிளேட்டில் உள்ளதற்கு மிகவும் முன்னதாகவே எரிந்தால், டப்பாவும் ஸ்பாஞ்சும் குப்பைக்குப் போகும் முன் அதிலேயே கட்டி அனுப்பிவிடுங்கள்.